ரிப்பேர் செய்த வால்வு எக்கோ மேசைக்கு வரும்போது
இளம் எக்கோ பணியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிறவியிலேயே இதயக் குறையுள்ள பிள்ளைகளுக்கு அரசுச் செலவில் அறுவை சிகிச்சை செய்ய, 2008-இல் தமிழக அரசு இளம் சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. அன்று பத்து வயதில் நெஞ்சைத் திறந்து ஓட்டையை அடைத்துக்கொண்டு வீடு திரும்பிய பிள்ளைக்கு இன்று இருபத்தைந்து வயது தாண்டிவிட்டது. வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் ஆகிறது, கர்ப்பம் தரிக்கிறார்கள். பலர் அந்த அறுவையையே மறந்துவிட்டார்கள்.

செஞ்சியை அடுத்த வல்லத்தில் இப்படி ஒருவருக்கு மூச்சு வாங்கினால் நேரே சென்னைக்குப் போகமாட்டார். செஞ்சியிலோ திண்டிவனத்திலோ காட்டுவார். அங்கிருந்து முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்புவார்கள். வழியில் எங்கோ ஓர் எக்கோ அறையில் ஒருவர் அவர் நெஞ்சில் ப்ரோப்பை வைப்பார். அந்த ஒருவர் நீங்கள் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

சொல்ல வருவது ஒன்றுதான். ரிப்பேர் செய்த அயோர்டிக் வால்வைப் பார்க்கும்போது “எவ்வளவு கசிகிறது” என்பதோடு நிறுத்தாதீர்கள். “ஏன் கசிகிறது, இதழ்கள் எப்படிச் சேர்கின்றன, போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியிருக்கிறது” என்பதையும் எழுதுங்கள். மறு அறுவை வேண்டுமா, எப்போது வேண்டும், மறுபடி ரிப்பேர் செய்ய முடியுமா என்ற மூன்று முடிவுகளும் அந்த வரிகளைப் பார்த்துத்தான் எடுக்கப்படும்.

யார் வருவார்கள்?

பெரும்பாலும் மூன்று வகையினரைப் பார்ப்பீர்கள்.

முதல் வகை, இரண்டு இதழ் அயோர்டிக் வால்வு. மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே இருக்கும். பிறவி இதயக் குறைகளிலேயே அதிகம் காணப்படுவது இதுதான். நூற்றில் ஒருவர், இருவருக்கு இருக்கும் என்பது பொதுவான கணக்கு. இளவயதில் கசிவு, நடுவயதுக்குப் பிறகு சுருக்கம் என்று தொந்தரவு தரும். பெருந்தமனியே விரிந்துபோகவும் கூடும்.

இரண்டாவது வகை, கீழறைத் தடுப்புச் சுவரில் ஓட்டையும் அதோடு வால்வு இதழ் சரிவும். ஓட்டை வழியே பாயும் ரத்தம் பக்கத்திலுள்ள இதழைக் கீழே இழுத்துவிடும். நுரையீரல் தமனி வால்வுக்கு அடியில் அமையும் வகை ஓட்டையில் இது அடிக்கடி நேரும். அந்த வகை ஆசிய மக்களிடம் கூடுதலாக உண்டு. பெரும்பாலும் சரிவது வலது இதழ். ஒன்றை மனத்தில் வையுங்கள்: சரிந்த இதழே ஓட்டையைப் பாதி மூடிவிடும். அதனால் பெரிய ஓட்டையும் எக்கோவில் சின்னதாகத் தெரியும்.

மூன்றாவது வகை, வால்வுக்கு அடியில் வளரும் சவ்வு. அந்தக் குறுகலில் பீறிட்டு வரும் ரத்தம் ஆண்டுக்கணக்கில் இதழ்களை அடித்துத் தடிக்க வைக்கும். சவ்வை வெட்டி எடுத்தாலும் சிலருக்கு மறுபடி வளரும்.

நம் ஊரில் நான்காவதாக ஒரு குழப்பமும் உண்டு: ருமாட்டிக் காய்ச்சல் கெடுத்த வால்வு. இதழ்களின் ஓரம் தடித்துச் சுருண்டு, இதழ்கள் சேரும் முனைகள் ஒட்டிக்கொண்டு, மைட்ரல் வால்வும் கெட்டிருந்தால் ருமாட்டிக் பக்கம் யோசியுங்கள். சுருங்கித் தடித்த இதழில் ரிப்பேர் நீண்ட நாள் நிற்பது கடினம். ஆகவே இந்த வேறுபாட்டை அறிக்கையில் எழுதியே ஆகவேண்டும்.

ரிப்பேருக்கு ஏன் இவ்வளவு பாடு?

வால்வை மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். ஐஎன்ஆர் பரிசோதனைக்குத் தவறாமல் போக வேண்டும். வல்லத்தில் கூலி வேலை செய்பவருக்கு ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நாள் சம்பள இழப்பு. குழந்தை பெற வேண்டிய பெண்ணுக்கு அந்த மாத்திரை கருவுக்கும் ஆபத்து, தாய்க்கும் ஆபத்து. திசு வால்வு வைத்தாலோ இளவயதினருக்கு அது சீக்கிரம் தேய்ந்துபோகும்.

சொந்த இதழையே சரிசெய்து வைத்தால் இந்தச் சுமைகளில் பெரும்பகுதி இல்லை. ஆனால் ரிப்பேர் செய்த வால்வு என்றைக்கும் கண்காணிப்பில் இருக்க வேண்டிய வால்வு. அந்தக் கண்காணிப்பு நடப்பது எக்கோ அறையில்.

ப்ரோப்பைத் தொடும் முன் ஐந்து நிமிடம்

முதலில் கேளுங்கள். “தம்பி, சின்ன வயசுல நெஞ்சுல ஆபரேஷன் ஏதாச்சும் பண்ணாங்களா?” என்றால், “ஆமாண்ணா, ஓட்டை இருந்துச்சுன்னு அடைச்சாங்க” என்று பதில் வரும். என்ன ஓட்டை, எந்த ஆண்டு, எந்த மருத்துவமனை, வால்வையும் சரிசெய்தார்களா என்று தொடருங்கள். தெரியவில்லை என்றால் டிஸ்சார்ஜ் சீட்டை அடுத்த முறை கொண்டுவரச் சொல்லுங்கள். போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அதுவே போதும். நெஞ்சுத் தழும்பைப் பாருங்கள். நடு நெஞ்சிலா, பக்கவாட்டிலா என்பதும் ஒரு செய்தி.

அடுத்து உயரம், எடை. இதைத் தவிர்க்கவே கூடாது. ஏன் என்று பிறகு வருகிறது.

மூன்றாவது ரத்த அழுத்தம். எக்கோ எடுக்கும் நேரத்து அழுத்தத்தை அறிக்கையிலேயே எழுதுங்கள். ஏரியில் தண்ணீர் குறைந்திருக்கும்போது மதகுப் பலகையின் இடுக்கு கண்ணில் படாது, நிரம்பியிருக்கும்போதுதான் பீறிடும். அழுத்தம் 90-இல் எடுத்த எக்கோவையும் 140-இல் எடுத்த எக்கோவையும் ஒப்பிட்டு “கசிவு கூடிவிட்டது” என்று சொன்னால் தப்பாகிவிடும்.

நான்காவது, கடைசியாக எடுத்த எக்கோவின் எண்கள். அவை இல்லாமல் இன்றைய எண்ணுக்குப் பாதி அர்த்தம்தான்.

அறுவைக்கு முன்: சர்ஜன் எதிர்பார்க்கும் விடைகள்

ரிப்பேர் செய்யப் போகும் சர்ஜனுக்கு “சிவியர் ஏஆர்” என்ற இரண்டு சொல் போதாது. பிரசல்ஸில் எல் கூரி குழுவினர் வகுத்த பாகுபாடு இன்று எங்கும் புழக்கத்தில் இருக்கிறது. வகை ஒன்று: இதழ் நன்றாக இருக்கிறது, ஆனால் பெருந்தமனியின் வேர்ப்பகுதியோ வளையமோ விரிந்துவிட்டது, அல்லது இதழில் துளை விழுந்திருக்கிறது. வகை இரண்டு: இதழ் சரிந்துவிட்டது. வகை மூன்று: இதழ் தடித்து இறுகி, அசைவு குறைந்துவிட்டது. ஒரே வால்வில் இரண்டு வகை சேர்ந்தும் வரும். எந்த வகை என்று எழுதினால்தான் எந்த ரிப்பேர் என்று அவர் திட்டமிட முடியும்.

பார்க்க வேண்டியவை இவை.

இதழ்களின் எண்ணிக்கையும் அமைப்பும். குறுக்குவெட்டுப் படத்தில் வால்வு திறந்திருக்கும் நேரத்தில் எண்ணுங்கள். மூடியிருக்கும்போது எண்ணினால், ஒட்டிய இடத்துத் தையல் போன்ற கோடு மூன்று இதழ் இருப்பதாக ஏமாற்றும். இரண்டு இதழ் வால்வில் இதழ்கள் சேரும் முனைகளுக்கு இடையிலான கோணத்தையும் சொல்லுங்கள். 160 முதல் 180 டிகிரி என்றால் சமச்சீர் வால்வு. 120-ஐ நோக்கி நெருங்க நெருங்க அது மூன்று இதழ் வால்வைப் போல நடந்துகொள்ளும், ரிப்பேர் முறையும் மாறும்.

கசிவின் திசை. நடுவில் நேராக வரும் கசிவு பெரும்பாலும் வளையமோ வேர்ப்பகுதியோ விரிந்ததைக் காட்டும். சாய்ந்து ஓடும் கசிவு, சரிந்த இதழுக்கு எதிர்ப்பக்கம் போகும். வலது இதழ் சரிந்தால் கசிவு பின்புறமாக மைட்ரல் இதழைத் தொட்டு ஓடும்.

அளவுகள். வளையத்தை, வால்வு திறந்திருக்கும் நடு சிஸ்டலில், உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு எடுங்கள். வேர்ப்பகுதியையும் மேல்நோக்கிய பெருந்தமனியையும் டயஸ்டல் முடிவில், முன்விளிம்பிலிருந்து முன்விளிம்புக்கு எடுங்கள். இரண்டுக்கும் முறை வேறு. கலந்துவிட்டால் அடுத்த ஆண்டு ஒப்பிடவே முடியாது.

கூடவே இருக்கும் பிற குறைகள். ஓட்டை மிச்சம் இருக்கிறதா? வால்வுக்கு அடியில் சவ்வு இருக்கிறதா? இரண்டு இதழ் வால்வு உள்ளவரிடம் பெருந்தமனி இறங்கும் இடத்தில் குறுகல் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு விடை கழுத்துக் குழியிலிருந்து எடுக்கும் படத்திலும், வயிற்றுப் பெருந்தமனி டாப்ளரிலும் கிடைக்கும். நேரமில்லை என்று கழுத்துக் குழிப் படத்தை விட்டுவிடும் பழக்கம் பல அறைகளில் இருக்கிறது. இந்த நோயாளிகளிடம் அதற்கு இடமே இல்லை.

அறுவை அரங்கில்

இங்கே கருவி மாறுகிறது. உணவுக்குழாய் வழியே டிஈஈ. பொதுவாக இதயப் பிரிவு மயக்க மருத்துவர் பார்ப்பார். ரிப்பேர் முடிந்து, இதய நுரையீரல் இயந்திரத்திலிருந்து விலகிய பின் அவர் சொல்லும் சொல்லைப் பொறுத்துத்தான் நெஞ்சை மூடுவதா, மறுபடி வால்வைத் திறப்பதா என்று முடிவாகும்.

முதல் விதி: அழுத்தத்தை இயல்பு நிலைக்கு உயர்த்திய பிறகே தீர்ப்பு சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நீளவாட்டுப் படத்தில், அதாவது 120 முதல் 140 டிகிரிக்குள், இரண்டு அளவுகளை எடுக்க வேண்டும். ஒன்று, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் நீளம். மற்றது, வளையத்திலிருந்து இதழ்களின் விளிம்பு சேரும் புள்ளி வரையுள்ள உயரம். இதை எஃபெக்டிவ் ஹைட் என்கிறோம். ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரத்து ஷேஃபர்ஸ் குழு 2006-இல் இந்த அளவை முன்வைத்தது. வளர்ந்தவர்களுக்கு 9 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. பிரசல்ஸ் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வு, ஒட்டும் நீளம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலோ, இதழ்கள் வளைய மட்டத்துக்குக் கீழே சேர்ந்தாலோ பிற்பாடு கசிவு திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. அரங்கில் கசிவே தெரியாவிட்டாலும், இந்த இரண்டு அளவும் சரியில்லை என்றால் சர்ஜனிடம் துணிந்து சொல்ல வேண்டும்.

மூன்றாவது, மிச்சக் கசிவு. சிறிதாக நடுவில் வந்தால் ஏற்கலாம். சிறிதாக இருந்தாலும் சாய்ந்து வந்தால் ஒரு இதழ் இன்னும் சரிந்திருக்கிறது என்று பொருள்; அது வளரும்.

நான்காவது, சுருக்கம். கசிவை நிறுத்தும் முயற்சியில் வால்வு இறுகிவிடக் கூடாது. இரைப்பைக்குள் ஆழமாக இறக்கிய ப்ரோப்பில்தான் டாப்ளர் கோடு ரத்த ஓட்டத்தோடு நேராக நிற்கும். சராசரி அழுத்த வேறுபாடு ஒற்றை இலக்கத்தில் இருந்தால் நிம்மதி.

அடுத்து வரும் ஆண்டுகள்

வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு எக்கோ, முதல் சில மாதங்களுக்குள் அடிப்படை எக்கோ ஒன்று, பிறகு ஆண்டுக்கொரு முறை. இதுவே பரவலான வழக்கம். அந்த அடிப்படை எக்கோதான் இனி எல்லா ஒப்பீட்டுக்கும் அளவுகோல். அதை மிகுந்த கவனத்தோடு எடுங்கள்.

கசிவின் கடுமையைச் சொல்ல ஒரே எண்ணை நம்பாதீர்கள். கசிவின் கழுத்து அகலம் 3 மில்லிமீட்டருக்குள் என்றால் லேசானது, 6-க்கு மேல் என்றால் கடுமையானது. பிரஷர் ஹாஃப் டைம் 500 மில்லிசெகண்டுக்கு மேல் என்றால் லேசான பக்கம், 200-க்குக் கீழே என்றால் கடுமை. ஒரு துடிப்பில் திரும்பும் ரத்தம் 60 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ, கசியும் துளை 0.30 சதுர சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் கடுமை. இறங்கும் பெருந்தமனியில் டயஸ்டல் முழுக்க ரத்தம் திரும்பி ஓடினால் அதுவும் முக்கியச் சாட்சி. இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். எம்ஆர்ஐ எடுக்கச் சொல்ல அது நல்ல காரணம்.

இனி உயரமும் எடையும் ஏன் என்ற கேள்விக்கு வருவோம். நெடுநாள் கடுமையான கசிவில், இடது கீழறை சுருங்கிய நிலையில் 50 மில்லிமீட்டரைத் தாண்டினால் அறுவையை யோசிக்க வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. அதே வழிகாட்டிகள், சிறிய உடல்வாகு உள்ளவருக்கு உடல் பரப்பளவின் ஒரு சதுர மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் என்று கணக்கிடச் சொல்கின்றன. 150 சென்டிமீட்டர் உயரமும் 47 கிலோ எடையும் உள்ள பெண்ணின் உடல் பரப்பளவு சுமார் 1.4 சதுர மீட்டர். அவருக்கு எல்லைக்கோடு 50 அல்ல, 35. நம் கிராமத்துப் பெண்கள் பலர் இந்த உடல்வாகு உள்ளவர்கள். 42 மில்லிமீட்டரைப் பார்த்து “இன்னும் 50 ஆகவில்லை” என்று அனுப்பினால், அறுவைக்கு ஏற்ற காலம் கடந்துபோயிருக்கும்.

கைதவறும் இடங்கள்

டாப்ளர் கோணம். உண்மையான வேகம் விநாடிக்கு 4 மீட்டர் என்றால் அழுத்த வேறுபாடு 64. கோடு 30 டிகிரி விலகினால் இயந்திரம் 3.5 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். வேறுபாடு 48-க்கு இறங்கிவிடும். நெஞ்சின் வலப்பக்கத்திலிருந்து, படம் தராத பென்சில் ப்ரோப்பால் தேடிப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

கசிவு கூடினால் முன்னோக்கிப் பாயும் ரத்தமும் கூடும். வால்வு வேகமும் உயரும். அதைச் சுருக்கம் என்று எழுதிவிடாதீர்கள். வால்வுக்குக் கீழே உள்ள வேகத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

வால்வுக்கு அடியில் சவ்வு வளர்ந்திருந்தால் வேகம் எகிறும் இடம் வால்வு அல்ல, அதற்குக் கீழே. வண்ண டாப்ளரில் கொந்தளிப்பு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.

வண்ண அளவை மாற்றி மாற்றி வைத்தால் ஒரே கசிவு ஒரு முறை பெரிதாகவும் மறுமுறை சிறிதாகவும் தெரியும். உங்கள் அறையில் எல்லோரும் ஒரே அமைப்பில் எடுப்பது என்று முடிவுசெய்து சுவரில் ஒட்டுங்கள்.

அறிக்கை எழுதும் முறை

அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். அதன் சாரம் எப்படி இருக்க வேண்டும் என்று பாருங்கள்.

குறையுள்ள அறிக்கை: “ஏவி ரிப்பேர் செய்தவர். மாடரேட் ஏஆர். எல்வி நன்றாக இயங்குகிறது.”

பயனுள்ள அறிக்கை: “சிறுவயதில் ஓட்டை அடைத்து, வலது இதழ் ரிப்பேர் செய்யப்பட்டவர். உடல் பரப்பளவு 1.4. அழுத்தம் 118/60. வலது இதழ் மறுபடி லேசாகச் சரிந்துள்ளது. கசிவு மைட்ரல் இதழை நோக்கிச் சாய்ந்து ஓடுகிறது. கழுத்து அகலம் 4 மி.மீ. எஃபெக்டிவ் ஹைட் 6, ஒட்டும் நீளம் 3. இடது கீழறை 52/32. போன ஆண்டு 48/29. ஓட்டை மிச்சமில்லை. கசிவு நடுத்தரம், ஆனால் வளர்கிறது. ஆறு மாதத்தில் மறு எக்கோ தேவை.”

இரண்டாவதை எழுத இரண்டு நிமிடம் கூடுதலாக ஆகும். படிக்கும் சர்ஜன் ஜிப்மரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், அந்த நோயாளியைத் தானே பார்த்தது போல முடிவெடுப்பார். படிக்கும் டாக்டரை நேரில் சந்திக்க வாய்ப்பில்லாத ஊரில் வேலை செய்பவருக்கு அறிக்கைதான் குரல்.

இந்த வேலையில் வளர்வது எப்படி?

டெக்னீஷியனாக வர விரும்பினால் பிளஸ் டூவில் அறிவியல் படித்துவிட்டு பி.எஸ்சி கார்டியாக் டெக்னாலஜி சேரலாம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியுமாக இது நடக்கிறது. வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா போன்ற நிறுவனங்களிலும் இத்துறைப் படிப்புகள் உண்டு. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அங்கே பிறவி இதயக் குறைக்கு அறுவை நடக்கிறதா என்று கேளுங்கள். நோயாளிகள் வராத இடத்தில் கண் பழகாது.

வேலையில் சேர்ந்த பின் முதல் இரண்டு ஆண்டுகளில் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அறுவைக்குப் போன ஒவ்வொருவருக்கும், நீங்கள் எழுதியதையும் அரங்கில் சர்ஜன் கண்டதையும் அருகருகே குறித்து வையுங்கள். எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு கற்றுத் தராது. மருத்துவர் என்றால் இந்தியன் அகாடமி ஆஃப் எக்கோகார்டியோகிராபியின் கூட்டங்களுக்குப் போங்கள். மயக்க மருத்துவர் என்றால் இதய மயக்கவியல் சங்கம் நடத்தும் டிஈஈ தேர்வை எழுதுங்கள்.

எக்கோ இயந்திரமும் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் வருவது. இயந்திரத்தின் பதிவையும், எங்கே வைத்து இயக்கலாம் என்பதையும் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நிர்வாகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். தோளும் மணிக்கட்டும் இந்தத் தொழிலில் சீக்கிரம் வலிக்கத் தொடங்கும். கட்டிலையும் நாற்காலியையும் உயரம் சரிசெய்யுங்கள், கையை எட்டிப் பிடிக்காமல் உடலோடு ஒட்டி வையுங்கள். நிர்வாகம் ஒரு நாளைக்கு எத்தனை பேரை அனுப்புகிறது என்பதையும் பேசுங்கள். பிறவிக் குறை நோயாளிக்கு வழக்கமான எக்கோவைவிட அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது.

நோயாளி எழுந்து போகும் முன்

நோயின் முடிவை மருத்துவர்தான் சொல்வார். ஆனால் மூன்று செய்திகளை நீங்களும் நினைவூட்டலாம். பல்லையும் ஈறையும் சுத்தமாக வைத்திருங்கள், பல் பிடுங்கும் முன் இதய அறுவை செய்ததைச் சொல்லுங்கள்; வாய்க் கிருமி வால்வில் போய்த் தங்கக் கூடும். கர்ப்பத்துக்கு முன் ஒரு எக்கோ எடுத்து மருத்துவரைப் பாருங்கள். இரண்டு இதழ் வால்வு என்றால் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகளும் ஒரு முறை எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள்; நெருங்கிய ரத்த சொந்தங்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது இருக்கலாம்.

அறிக்கையின் ஒரு நகலை அவர் கையிலேயே கொடுத்து, “இதைத் தொலைச்சிடாதீங்க, அடுத்த தடவை எங்க போனாலும் எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லி அனுப்புங்கள். ரிப்பேர் செய்த வால்வு கெடத் தொடங்குவதை முதலில் பார்க்கப் போவது சென்னையில் உள்ள சர்ஜன் அல்ல, சிறு ஊரின் எக்கோ அறையில் இருக்கும் நீங்கள்தான். பார்த்ததை முழுதாக எழுதுங்கள்.